ஊர் நெல்லும் கொழும்பு மூடையும்
தானியத்தோடு பயணம் செய்யும் பீடைகளைத் தடுப்பது எப்படி?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது குடும்பங்களில் கமத்தை விட்டு வந்தவை ஏராளம். 1990இலும், 1995இலும், அதன் பின்னரும் இடம்பெயர்ந்து வந்தவர்கள் தொடர்மாடி வீடுகளிலும் வாடகை அறைகளிலும் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். வயலை விட்டு வந்தாலும் வயலின் சோற்றை அவர்கள் மறக்கவில்லை. ஊரில் உள்ள சகோதரர் ஒரு மூடை அரிசி அனுப்புவார். மாமி உழுந்தும் குரக்கனும் ஒடியலும் கட்டிக் கொடுப்பார். காலி வீதிக்கு வந்து சேரும் யாழ்ப்பாண பஸ்ஸின் கீழ்த்தட்டில் எத்தனை வீட்டுச் சாக்குகள் இருக்கின்றன என்பது பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும்.

சாக்குகள் ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. புறக்கோட்டையில் வாங்கிய பயறும் கடலையும் வடக்கே போகின்றன. வெறுஞ்சாக்குகள் போகின்றன. வலிகாமம் வடக்கில் 2015 முதல் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டதிலிருந்து, திரும்பிச் சென்று கமம் தொடங்குபவர்களின் விதைப் பொட்டலங்களும் போகின்றன. கடல் கடந்தும் தானியம் போகிறது, வருகிறது.

இந்தச் சாக்குகளில் நாம் கட்டாத சில பயணிகளும் ஏறிக்கொள்கின்றன. வண்டு, அந்து, களைவிதை, நோய்க்கிருமி என்பவையே அவை. இவற்றைத் தடுக்க நாடுகள் சட்டங்கள் வகுத்துள்ளன. அச்சட்டங்கள் ஏன் வந்தன, அவை எம்மிடம் எதை எதிர்பார்க்கின்றன, சட்டம் எட்டிப்பார்க்காத எமது சமையலறையிலும் களஞ்சியத்திலும் நாமே செய்யவேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தடைகாப்பு என்றால் என்ன?

முற்காலத்தில் பிளேக் நோய் பரவியபோது, வெனிஸ் முதலிய துறைமுக நகரங்கள் வெளியிலிருந்து வந்த கப்பல்களை நாற்பது நாட்கள் ஒதுக்கி நிறுத்தின. நாற்பது நாட்களுக்குள் நோய் இருந்தால் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களின் கணக்கு. நாற்பது என்ற அந்தச் சொல்லிலிருந்தே குவாரன்டைன் என்ற பெயர் வந்தது. தமிழில் இதனைத் தொற்றுத் தடைகாப்பு என்கிறோம்.

எமது மக்களுக்கு இது புதிய விடயம் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள், இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தில் தடைகாப்பு முகாமில் நிறுத்தப்பட்ட பின்னரே தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். 1983க்குப் பின்னர் அதே மண்டபம் எமது அகதிகளை வரவேற்கும் முகாமாக மாறியது.

மனிதருக்குச் செய்தது போலவே தாவரங்களுக்கும் தானியங்களுக்கும் செய்வதுதான் தாவரத் தொற்றுத் தடைகாப்பு. ஓரிடத்தில் உள்ள பீடை, அது இல்லாத இன்னோரிடத்துக்குப் போகாமல் வழியில் மறிப்பதே இதன் நோக்கம்.

சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே எமக்கு ஓமந்தையும் முகமாலையும் நினைவுக்கு வருவது இயல்பு. கட்டி வைத்த சாக்கைக் கொட்டிக் கிளறியதையும், எரிபொருளும் பசளையும் வடக்குக்குப் போகாமல் தடுக்கப்பட்டதையும் யாரும் மறக்கமாட்டார்கள். அந்தத் தடை யுத்தத்தின் தடை. தடைகாப்பு அத்தகையது அல்ல. அது கமக்காரனின் பயிரைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது. இந்த வேறுபாட்டை உணர்ந்தால், விமான நிலையத்தில் ஓர் உத்தியோகத்தர் எமது விதைப் பொட்டலத்தைத் திறக்கும்போது மனம் கசக்காது.

கொழும்பு கற்ற பாடம்

தானியம் ஊர் மாறும்போது என்ன நடக்கும் என்பதைக் கொழும்பு நகரம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டது. 1914 சனவரியில் இந்நகரில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. செட்டியார் தெருவையும் அதனை அண்டிய புறக்கோட்டைப் பகுதியையும் அது கடுமையாகத் தாக்கியது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் நடந்தே போய்விடக்கூடிய இடம் அது.

அந்த இடத்தை நோய் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. அந்த மூடைகள் செட்டியார் தெருப் பகுதியின் நெருக்கமான கிட்டங்கிகளில் அடுக்கப்பட்டன. மூடை இருந்த இடத்தில் எலி இருந்தது. எலியின் உடலில் தெள்ளு இருந்தது. தெள்ளே பிளேக்கை மனிதனுக்குக் கொண்டுவந்தது.

கொழும்பு மாநகரின் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த ஹேர்ஸ்ட் என்ற மருத்துவர் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எல்லா எலித்தெள்ளும் ஒன்றல்ல என்பதை அவர் காட்டினார். இலங்கையில் பரவலாக இருந்த தெள்ளு பிளேக்கை அவ்வளவாகப் பரப்பாதது. வல்லமையோடு பரப்பும் வேறொரு இனம், வெளியிலிருந்து சரக்கு வந்து இறங்கிய இடங்களில் குடியேறியிருந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தச் சிறு பூச்சி, அரிசி வந்த வழியே வந்து சேர்ந்திருந்தது.

நெருக்கமான தெருக்களில் சிதறிக் கிடந்த அரிசிக் களஞ்சியங்களை அகற்றி, எலி புகாத கட்டடங்களில் அரிசியைச் சேமிக்கவேண்டும் என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்தது. கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் அமைந்திருந்த சாமர்ஸ் களஞ்சியம் அக்காலத்தில் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் சாமர்ஸின் பெயரைத் தாங்கியது. தானியத்தை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம் என்பதைக் கொழும்பு விலை கொடுத்தே கற்றது.

மணிக்குள் மறைந்திருப்பவை

இன்று எமது அரிசியில் பிளேக் இல்லை. ஆனால் வண்டு உண்டு. எமது நாட்டில் சேமித்த தானியத்தைத் தாக்குபவற்றுள் முக்கியமானவை ஐந்து.

அரிசி வண்டு: நீண்ட மூக்குடைய சிறிய வண்டு. பெண் வண்டு மணியில் துளையிட்டு உள்ளே முட்டையிட்டு, துளையைத் தன் பசையால் அடைத்துவிடும். புழு உள்ளிருந்தே மணியைத் தின்று, வண்டாகி, துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

நெல் துளைப்பான்: உருளை வடிவான மண்ணிற வண்டு. உமியோடுள்ள நெல்லையும் துளைக்கும். இது இருக்கும் மூடையின் அடியில் மா போன்ற தூள் சேரும்.

நெல் அந்து: வைக்கோல் நிறச் சிறு அந்துப்பூச்சி. வயலில் கதிர் நிற்கும்போதே முட்டையிட வல்லது. ஆகவே களத்திலிருந்து நேரே வந்த நெல் என்பதால் அது சுத்தமானது என்று எண்ணக்கூடாது.

பயறு வண்டு: பயறு, கௌபி, கடலை முதலியவற்றின் மேல் வெள்ளைப் புள்ளி போல முட்டை ஒட்டியிருக்கும். இதுவும் வயலிலேயே தொடங்கிவிடும்.

மா வண்டு: முழு மணியை அதிகம் தாக்காது. உடைந்த மணி, குறுணி, மா ஆகியவற்றில் பெருகும். அதனால்தான் குறுணி நிறைந்த அரிசி விரைவில் பழுதாகிறது.

அரிசி வண்டின் ஒரு பெண் தன் வாழ்நாளில் 300 முட்டைகள் வரை இடக்கூடியது. எமது வெப்பநிலையில் முட்டை வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஐந்து கிழமை வரை செல்லும். 300 முட்டைகளில் 100 மட்டும் பிழைப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் பாதி பெண். அந்த 50 பெண் வண்டுகளும் நூறு நூறாகப் பெருக்கினால் அடுத்த தலைமுறையில் 5,000. ஒரே ஒரு வண்டிலிருந்து இரண்டரை மாதத்துக்குள் இவ்வளவும் வந்துவிடும். தைப்பொங்கலுக்கு வந்த மூடை சித்திரை வருடப் பிறப்புக்கு மாவாகிப்போவது இப்படித்தான்.

முட்டையும் புழுவும் மணிக்குள் இருப்பதால் பார்வையிலோ சுளகிலோ அகப்படமாட்டா. வண்டு ஒன்றும் தெரியவில்லை, ஆகவே அரிசி சுத்தம் என்று நாம் முடிவு செய்வது தவறாகப் போகலாம். அன்று கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தியதன் நியாயமும் இதுதான். உள்ளே இருப்பது வெளியே வரக் காலம் வேண்டும்.

உலகம் அஞ்சும் கப்ரா வண்டு

தானியம் வாங்கி விற்கும் நாடுகள் மற்றெல்லா வண்டுகளையும் விட அஞ்சுவது கப்ரா வண்டுக்குத்தான். இதன் தாயகம் இந்தியத் துணைக்கண்டம். வளர்ந்த வண்டு 3 மில்லிமீற்றருக்கு மேற்படாது. அது பறப்பதும் இல்லை. ஊர் விட்டு ஊர் போவதற்கு அது எம்மையும் எமது சாக்குகளையுமே நம்பியிருக்கிறது.

அழிவைச் செய்வது மயிர் நிறைந்த அதன் புழு. உணவு கிடைக்காவிட்டாலும் அது இறந்துவிடாது. சுவர் வெடிப்பிலோ சாக்கின் தையலிலோ ஒளிந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மீண்டும் தானியம் வந்ததும் விழித்துக்கொள்ளும். உறங்கும் புழுவை நச்சு வாயுவால் கொல்வதும் கடினம். புழு உதிர்க்கும் மயிர் தானியத்தோடு வயிற்றுக்குள் போனால் சிறுவர்களுக்குத் தீங்கு விளையும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1953இல் இவ்வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. களஞ்சியங்களை முழுதாகப் படங்கினால் மூடி வாயு செலுத்தி அழித்தார்கள். அந்த வேலை 1966 வரை நீடித்தது. ஏறத்தாழ 110 இலட்சம் டொலர் செலவானது. அதன் பின்னர் கப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து வரும் அரிசியிலும் பழைய சணல் சாக்குகளிலும் அந்நாடு மிகுந்த கவனம் செலுத்துகிறது. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் உள்ளன. 2011 முதல் பயணிகள் தம் பொதியில் இந்நாடுகளின் அரிசியைக் கொண்டுபோவது தடைசெய்யப்பட்டது.

அவுஸ்திரேலியா 2020 செப்டெம்பரிலிருந்து இன்னும் கடுமையான நடவடிக்கை எடுத்தது. அரிசி, கடலை, பயறு, பருப்பு, கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய் போன்றவற்றைப் பயணப் பொதியிலும் தபாலிலும் அனுப்ப அது தடை விதித்தது. மெல்பேணில் இருக்கும் மகளுக்கு ஊர்ப் புழுங்கலரிசி கட்டும் தாய்மார் இதனை அறிந்திருக்கவேண்டும். பொதியில் இருப்பதை மறைத்தால் தண்டம் விழும். வெளிப்படுத்தினால் பொருள் மட்டுமே போகும்.

வண்டு மட்டும் அல்ல

தானியத்தோடு களையும் வரும். வடக்கில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் பாத்தீனியம். அமெரிக்காவிலிருந்து உதவியாக வந்த கோதுமையுடன் 1950களில் இது இந்தியாவின் பூனா நகரை அடைந்தது என்று பரவலாகக் கூறப்படுகிறது. 1987இல் வந்த இந்திய அமைதிப்படை, இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது எமது மண்ணுக்கு வந்தது என்பது பலரது கருத்து. வந்த வழி எதுவானாலும், இன்று யாழ்ப்பாணத்தின் செம்மண் தோட்டங்களிலும் வவுனியாவிலும் அது கால் ஊன்றிவிட்டது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளைத் தரும். தோலில் கடியையும் மூச்சில் இழுப்பையும் ஏற்படுத்தும். மாகாண சபைக் காலத்தில் அதனை அழிக்க இயக்கமே நடத்தவேண்டியிருந்தது. இடம்பெயர்ந்தவர்களின் கைவிடப்பட்ட காணிகள் இக்களைக்கு நல்ல இடமாக அமைந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நெல்லுக்குள்ளேயே ஒளிந்து வரும் களையும் உண்டு. களைநெல் என்பது பயிர்நெல்லின் உறவு. வளரும்போது வேறுபாடு தெரியாது. முற்றியதும் மணி தானாக உதிர்ந்து மண்ணில் கிடந்து அடுத்த போகத்தில் முளைக்கும். 1990கள் முதல் இது எமது நாட்டின் வயல்களில் பெருகியது. சுத்தமற்ற விதைநெல்லும், மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் அறுவடை மெசின்களும் இதனைப் பரப்புகின்றன.

உள்நாட்டிலும் தடைகாப்பு செய்யலாம் என்பதற்குத் தென்னை உதாரணமாகும். 2006ஆம் ஆண்டளவில் வெலிகமைப் பகுதியில் தென்னோலை வாடல் நோய் கண்டறியப்பட்டது. நோய் வடக்கே நகராமல் இருக்க, தென் மாகாணத்தின் மூன்று மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்றுகளையும் அதன் இனத் தாவரங்களையும் வெளியே கொண்டுபோவது தடைசெய்யப்பட்டது. நோய்ப்பட்ட மரங்கள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. அந்த மக்களுக்கு அது பெரும் இழப்பு. அந்த இழப்பின் மேல்தான் புத்தளம், குருநாகல் தென்னந்தோட்டங்களின் பாதுகாப்பு நிற்கிறது.

சட்டம் சொல்வது

1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே வீழ்ந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இத்தகைய அனுபவங்களின் பின்னரே தாவரங்களைக் காக்கச் சட்டம் தேவை என்பது உணரப்பட்டது. 1924இல் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1999இன் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இச்சட்டத்தின் நோக்கம் இரண்டு: தீங்கான உயிரிகள் நாட்டுக்குள் வராமல் தடுப்பது, வந்தவை நாட்டுக்குள் பரவாமல் தடுப்பது.

இதனை நடைமுறைப்படுத்துவது விவசாயத் திணைக்களம். கட்டுநாயக்காவில் 1994இல் தேசிய தாவரத் தொற்றுத் தடைகாப்புச் சேவை நிறுவப்பட்டது. 2021 செப்டெம்பரில், சீனாவிலிருந்து வரவிருந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியா இருப்பதாக இச்சேவையே அறிவித்தது. அனுப்பிய நிறுவனம் அதனை மறுத்தது. வழக்கும் பிணக்கும் எழுந்து, 2022 சனவரியில் இலங்கை அந்நிறுவனத்துக்குப் பணம் செலுத்த நேர்ந்தது. ஆனால் அந்தப் பசளை எமது மண்ணில் இறங்கவில்லை.

நாடுகளுக்கிடையே தானியம் போகும்போது தாவரச் சுகாதாரச் சான்றிதழ் என்ற பத்திரம் கூடவே போகிறது. 1951இல் ஏற்பட்ட சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை இதற்கு அடிப்படை. அனுப்பும் நாட்டின் அதிகாரி சரக்கைப் பார்த்து, பீடை இல்லை என்று அதில் உறுதி கூறுகிறார்.

எமக்கு இதில் முக்கியமானது இதுதான்: வெளிநாட்டிலிருந்து விதை, கன்று, கிழங்கு, மண் ஆகியவற்றை முன் அனுமதியின்றிக் கொண்டுவர முடியாது. தமிழக முகாம்களிலிருந்து ஊர் திரும்புபவர்களும், 2023 ஒக்ரோபரில் தொடங்கிய நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலில் போய் வருபவர்களும், பலாலி விமான நிலையத்தைப் பயன்படுத்துபவர்களும் இதனைக் கவனத்தில் கொள்ளவேண்டும். அங்கே நன்றாக விளைந்த ஒரு நெல்லினத்தை மடியில் முடிந்து வருவது அன்பினால் செய்யும் செயல்தான். ஆனால் அந்த ஒரு பிடி நெல்லில் வரும் நோய், அயலவரின் வயலுக்கும் சேர்த்தே வருகிறது.

நாட்டுக்குள்ளே கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வரும் ஒரு மூடை அரிசியை வீதியில் மறித்து வண்டு பார்ப்பவர் எவரும் இல்லை. அங்கே காவல் நிற்கவேண்டியவர்கள் அனுப்புபவரும் பெறுபவருமே.

வீட்டில் கடைப்பிடிக்கவேண்டிய ஆறு விதிகள்

1. காய்ந்த தானியத்தையே கட்டுங்கள். நெல்லின் ஈரம் 13 அல்லது 14 வீதத்துக்கு மேற்படக்கூடாது. கருவி இல்லாதவர்கள் உப்புச் சோதனை செய்யலாம். நன்கு காய்ந்த போத்தலில் ஒரு பிடி காய்ந்த உப்பையும் மூன்று பிடி தானியத்தையும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் தானியம் இன்னும் காயவேண்டும்.

2. சாக்கைச் சந்தேகியுங்கள். பழைய சாக்கை உள் பக்கம் வெளியே வரப் புரட்டி, உதறி, கொதிநீரில் அவித்து, நல்ல வெயிலில் காயவிட்ட பின்னரே பயன்படுத்துங்கள். கடையில் கேட்டு வாங்கிய சாக்கை விதைக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

3. புதியதைப் பழையதோடு கலக்காதீர்கள். பானையின் அடியில் கிடக்கும் பழைய அரிசியின் மேல் புதிய அரிசியைக் கொட்டுவதே பெரும்பாலான வீடுகளில் வண்டு தொடரக் காரணம். பாத்திரத்தை முழுதாக வெறுமையாக்கி, கழுவிக் காயவைத்த பின்னர் நிரப்புங்கள்.

4. நாற்பது நாள் காவல் வையுங்கள். ஊரிலிருந்து வந்த மூடையில் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிப் போத்தலில் இட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி வையுங்கள். கிழமைக்கு ஒரு முறை பாருங்கள். உள்ளே முட்டை இருந்தால் இந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் வண்டு வெளிவந்துவிடும். அதுவரை அந்த மூடையை மற்றத் தானியத்திலிருந்து விலக்கி, வாய் கட்டி வையுங்கள்.

5. காற்றுப் புகாமல் அடையுங்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியையோ போத்தலையோ வாய் வரை நிரப்பி அடைத்தால், உள்ளிருக்கும் பூச்சி மூச்சுக்கு வழியின்றி மடியும். அரைகுறையாக நிரப்பினால் பயன் குறைவு.

6. குளிரூட்டியைப் பயன்படுத்துங்கள். ஒன்று இரண்டு கிலோப் பொட்டலங்களாகக் கட்டி, உறைநிலைப் பெட்டியில் ஒரு கிழமை வைத்தால் முட்டை முதல் வண்டு வரை யாவும் இறக்கும். வெளியே எடுத்ததும் பொட்டலத்தை உடனே அவிழ்க்கவேண்டாம். அறையின் சூட்டுக்கு வந்த பின் அவிழ்த்தால் ஈரம் பிடிக்காது.

மாத்திரை வேண்டாம்

தானியக் களஞ்சியங்களில் வண்டைக் கொல்ல அலுமினியம் பொசுபைட்டு மாத்திரை பயன்படுத்தப்படுகிறது. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பொசுபீன் என்ற நச்சு வாயு வெளிவரும். பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள், ஆட்கள் குடியிராத களஞ்சியத்தில், படங்கு மூடிச் செய்யும் வேலை அது. யாரோ தந்தார்கள் என்று அதனை வீட்டு மூடைக்குள் போட்டால், வண்டுக்கு முன்னர் பக்கத்து அறையில் உறங்கும் பிள்ளையே பாதிக்கப்படலாம். சன்னல்கள் குறைந்த தொடர்மாடி வீடுகளில் இவ்வாபத்து இன்னும் அதிகம். அந்த வாயுவை அகற்ற வீட்டில் மருந்து எதுவும் இல்லை. வண்டு பிடித்த அரிசி போனால் போகட்டும்.

விதைநெல் கொண்டுசெல்பவர்களுக்கு

திரும்பிச் சென்று கமம் செய்பவர்களுக்கு உணவு நெல்லை விட விதைநெல்லே முக்கியம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களை உறவினர் வீடுகளில் தேடிப்பிடித்துக் கொண்டுபோகும் குடும்பங்கள் உண்டு. முப்பது ஆண்டுகள் தரிசாகக் கிடந்த வயலில் மீண்டும் போடும் முதல் விதை அது. வண்டு முளையைத் தின்றுவிட்டால், நெல் பார்வைக்கு நெல்லாகவே இருக்கும், ஆனால் முளைக்காது. மழை வந்து, உழுது, விதைத்து, பத்து நாள் பார்த்திருந்த பின்னரே விடயம் தெரியவரும். அந்தப் போகம் அதோடு போய்விடும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

விதையைக் கொழும்பில் நெடுநாள் சாக்கில் வைத்திருக்கவேண்டாம். கடற்கரையை அண்டிய காற்றில் ஈரம் அதிகம். ஊரில் நன்றாகக் காய்ந்த நெல்லும் வெள்ளவத்தையில் திறந்து கிடந்தால் மீண்டும் ஈரத்தை உறிஞ்சும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் முளைதிறன் குறையும். விதையை அடைத்த பாத்திரத்தில் வையுங்கள்.

விதைநெல்லைக் காயவிடும்போது உச்சிவெயிலில் கொதிக்கும் சீமெந்துத் தரையிலோ தகரத்திலோ பரப்பவேண்டாம். முளை வெந்துவிடும். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பாயிலோ படங்கிலோ மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள்.

கொண்டுபோகுமுன் சுளகில் பரப்பிக் களைவிதை, உடைந்த மணி, மண் ஆகியவற்றை நீக்குங்கள். உமியிலோ அரிசியிலோ நிறம் மாறிய அந்நிய நெல்மணிகளைத் தெரிந்து எடுத்து எரித்துவிடுங்கள்.

100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு கிழமையின் பின் முளைத்தவற்றை எண்ணுங்கள். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. அதற்குக் குறைந்தால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். அண்மையில் அறுவடை செய்த நெல் சில கிழமைகள் உறங்குநிலையில் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முழு விதையையும் ஒரே பாத்திரத்தில், ஒரே வீட்டில் வைக்கவேண்டாம். ஒரு பங்கை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பிரதேசக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து விதையைக் காட்டுங்கள்.

சில கேள்விகள்

வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டால் போதாதா?
எமது முன்னோர் கையாண்ட நல்ல முறைகள் இவை. வெளியிலிருந்து வரும் வண்டை விரட்ட உதவும். ஆனால் மணிக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை இவை கொல்லா. காயவைத்தலுக்கும் அடைத்தலுக்கும் துணையாகவே இவற்றைக் கொள்ளவேண்டும். இலையையும் நன்கு காயவைத்தே போடவேண்டும்.

புழுங்கலரிசியில் வண்டு வராது என்கிறார்களே?
நெல்லைப் புழுக்கும்போது உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் இறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் புழுக்கிக் குற்றிய பின்னர் வெளியிலிருந்து வரும் வண்டுக்கு அது தடையல்ல.

வண்டு பிடித்த அரிசியை என்ன செய்வது?
தொடக்கமாக இருந்தால் புடைத்து, உறைநிலைப் பெட்டியில் வைத்துப் பயன்படுத்தலாம். மிகுதியாகப் பழுதாகியிருந்தால் கோழிக்குப் போடலாம். வண்டோடு அப்படியே குப்பையில் கொட்டினால் அடுத்த வீட்டுக்குப் போகும். கொதிநீர் ஊற்றிய பின்னர் எறியுங்கள். பூஞ்சணம் பிடித்து மணம் மாறியிருந்தால் கோழிக்கும் கொடுக்கவேண்டாம்.

முடிவாக

2018இன் பிற்பகுதியில் சேனா படைப்புழு எமது நாட்டுச் சோளத்தைத் தாக்கியது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆபிரிக்காவுக்கு வந்து, இந்தியா கடந்து அது இங்கே வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகளே சென்றன. இறக்கையுள்ள அந்தப் பூச்சியை மறிப்பது கடினம். ஆனால் அரிசி வண்டும் கப்ரா வண்டும் களைநெல்லும் பெரும்பாலும் எமது கைகளால் கட்டப்பட்ட சாக்கிலேயே தூரப் பயணம் செய்கின்றன. அந்தச் சாக்கைக் கட்டுமுன் உதறிப் பார்ப்பது எம்மால் முடியாத காரியம் அல்ல.

இடம்பெயர்ந்தவர்களாகிய நாம் பலவற்றை விட்டு வந்தோம். சிலர் இப்போது திரும்பிப் போகிறோம். மற்றவர்களின் பிள்ளைகள் நாளை போகக்கூடும். போகும்போது மண்ணுக்குக் கொண்டுபோவது சுத்தமான விதையாக இருக்கட்டும். அடுத்த முறை ஊரிலிருந்து மூடை வந்ததும் ஒரு போத்தலில் ஒரு பிடி எடுத்து வைத்து, நாற்பது நாளைக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்பியவருக்கும் அதன் பலனைச் சொல்லுங்கள்.